நோயாளியின் ஐயம்

நோய்க்குக் காரணம் தெரியாதவிடத்து வைத்தியர் ஒருவர் இருவகை விடைகளுள் ஒன்றைக் கூறலாம். “இதன் காரணம் எமக்கு இன்னும் தெரியவில்லை” என்பது ஒன்று. “உம்முடைய உடம்பிலே குறையொன்றும் இல்லை, காரணம் உம்முடைய மனத்திலே இருக்கிறது” என்பது மற்றையது. முதலாவது அறியாமையை ஒப்புக்கொள்ளும் விடை. இரண்டாவது அறிவு போலத் தோன்றும் விடை. முதலாவது விடையைச் சொல்லவேண்டிய இடத்தில் இரண்டாவது விடை சொல்லப்பட்ட சந்தர்ப்பங்கள் வைத்திய வரலாற்றிலே பலவாகும். அவ்விடையைக் கேட்ட நோயாளர் பலர் அதனை நம்ப மறுத்தனர். அம்மறுப்பும் நோயின் ஓர் அறிகுறியே என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்களுடைய ஐயம் எத்தகையது, எங்கே அது நியாயமானது, எங்கே அதற்கு எல்லை உண்டு என்பவற்றை ஒரு நோயின் வரலாற்றைக்கொண்டு இங்கே ஆராய்வோம்.

அந்நோயின் வரலாற்றுக்குள் புகுமுன், அதற்கு முற்பட்ட செய்திகள் சிலவற்றை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் நன்று. ஹிஸ்டீரியா என்னும் சொல் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பாரிஸ் நகரத்துச் சல்பெத்ரியேர் வைத்தியசாலையில் சார்க்கோ என்னும் பேரறிஞர் அதனை நரம்பு நோயாகக் கொண்டு ஆராய்ந்தார். அவரிடம் சில காலம் பயின்று சென்ற சிக்மண்ட் பிராய்ட், அடக்கப்பட்ட உள்ளக் கிளர்ச்சிகள் உடற்குறிகளாக வெளிப்படுகின்றன என்ற கொள்கையை வகுத்தார். இக்கொள்கை இருபதாம் நூற்றாண்டிலே பரவலாயிற்று. சிக்காகோ நகரிலே உளப்பகுப்பாய்வு நிலையத்தை நடத்திய பிரான்ஸ் அலெக்சாந்தர் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே வயிற்றுப்புண், ஈழை, மூட்டுவாதம், உயர் குருதியமுக்கம் முதலாய ஏழு நோய்களை உளத்தின் போராட்டங்களோடு தொடர்புபடுத்தினார்.

அவ்வேழனுள் வயிற்றுப்புண்ணின் கதையை மட்டும் பார்ப்போம். கவலையும் பரபரப்பும் மிக்கவர்க்கே அது வரும் என்பது மக்கள் வழக்கிலும் வைத்தியர் வழக்கிலும் ஒருங்கே ஊன்றியிருந்தது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே றொபின் வாரன், பரி மார்ஷல் என்னும் இருவர் இரைப்பையில் வாழும் ஒருவகைப் பற்றீரியாவுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டனர். 1982இல் அக்கிருமி வளர்த்தெடுக்கப்பட்டது. 1984இல் மார்ஷல் அதனைத் தாமே அருந்தி இரைப்பை அழற்சிக்கு ஆளானார். அவ்விருவருக்கும் 2005ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கவலைக்கு அந்நோயில் யாதொரு பங்கும் இல்லை என்று இதனாற் பெறப்படாது. கவலையே காரணம் என்று சொன்னவர்கள், கிருமியைத் தேடவேண்டிய தேவையை மறந்தனர் என்பதே பெறப்படும்.

நரம்பியல் வைத்தியத்திலும் இத்தகைய எச்சரிக்கை ஒன்று எழுந்தது. லண்டன் குயின் சதுக்கத்திலுள்ள தேசிய வைத்தியசாலையில் 1950களில் ஹிஸ்டீரியா என்று தீர்மானிக்கப்பட்ட 85 நோயாளரின் பிற்கால நிலையை எலியட் ஸ்லேற்றர் என்னும் உளமருத்துவர் தேடி அறிந்து 1965இல் வெளியிட்டார். அவர்களுட் பெருந்தொகையினர் உண்மையில் உடல்நோய் உடையவராகவே காணப்பட்டனர். சிலர் அந்நோயினால் இறந்தும்விட்டனர். ஹிஸ்டீரியா என்ற சொல் அறியாமையை மறைக்கும் திரையாகவும் தவறுகளுக்குப் பிறப்பிடமாகவும் இருக்கிறது என்பது அவருடைய முடிவு. இதைச் சொன்னவர் நோயாளி அல்லர். உளமருத்துவர் ஒருவரே என்பது கவனிக்கத்தக்கது. நடுநிலையின் பொருட்டு ஒன்று சேர்த்துச் சொல்லவேண்டும். இத்தகைய தவறுகள் 1950களில் நூற்றுக்கு 29 வீதமாக இருந்து, 1970களின் பின் நூற்றுக்கு 4 வீதமளவுக்குக் குறைந்தன என்று 2005இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. கருவிகளும் பரிசோதனை முறைகளும் வளர்ந்த இடங்களிலே தவறு குறைந்தது. கருவி எட்டாத நோய்களிலே பழைய வழக்கம் நீடித்தது.

அவ்வாறு நீடித்த இடங்களுள் ஒன்றே நாம் எடுத்துக்கொண்ட நோய்.

1955ஆம் ஆண்டு யூலை மாதம் 13ஆம் நாள், லண்டன் மாநகரின் றோயல் பிறீ வைத்தியசாலையிலே வைத்தியர் ஒருவரும் தாதித் தலைவி ஒருவரும் ஒரே நாளிற் படுக்கையில் வீழ்ந்தனர். இரு கிழமைகள் கழியுமுன் நோயுற்ற ஊழியரின் தொகை 70ஐக் கடந்தது. வைத்தியசாலையை மூடவேண்டியதாயிற்று, ஒக்தோபர் மாதத் தொடக்கம்வரை அது திறக்கப்படவில்லை. நவம்பர் மாத இறுதிக்குள் வைத்தியர், தாதியர், மாணவர், ஏனைய ஊழியர் என 292 பேர் நோயுற்றனர். அவர்களுள் 255 பேர் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர். வியப்பு யாதெனில், அக்காலத்தில் அங்கே சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த நோயாளருள் 12 பேரே இந்நோய்க்கு ஆளாகினர்.

தலையிடி, தொண்டைநோவு, சிறு காய்ச்சல், கழுத்துக் கணுக்களின் வீக்கம் ஆகியவற்றோடு நோய் தொடங்கியது. பின்னர் தசைநோவும், கைகால்களின் பலவீனமும், தலைச்சுற்றும், உணர்ச்சிகள் எளிதில் மாறுபடும் தன்மையும் தோன்றின. இளம்பிள்ளைவாதம் என முதலில் அஞ்சினர். ஆனால் தசைகள் அந்நோயிற்போலச் சூம்பவில்லை, எவரும் இறக்கவுமில்லை. கிருமி எதனையும் பரிசோதனையாற் பிடிக்கமுடியவில்லை. பலர் சில கிழமைகளில் எழுந்தனர். ஒரு சிலர் பல ஆண்டுகள் எழவேயில்லை.

இத்தகைய நிகழ்ச்சி அதுவே முதன்முறையன்று. 1934இல் லொஸ் ஏஞ்சலீஸ் மாவட்டப் பொது வைத்தியசாலையில் ஊழியர் 198 பேர் இதனையொத்த நோயால் வருந்தினர். 1948ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஐஸ்லாந்தின் ஆக்குரேரி நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இதனையொத்த நோய் பரவியது. இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கிய ‘லான்செற்’ என்னும் வைத்தியச் சஞ்சிகை, 1956 மே மாதத்தில் ஆசிரியவுரை ஒன்றை வெளியிட்டது. அதனை எழுதியவர் டொனால்ட் அச்சிசன் என்னும் இளம் வைத்தியர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைமை வைத்திய அதிகாரியாக உயர்ந்தவர். ‘மயால்ஜிக் என்செபலோமயலைற்றிஸ்’ என்னும் நீண்ட பெயர் அவ்வுரையினாற் பரவிற்று. தசைநோவுடன் கூடிய மூளை முண்ணாண் அழற்சி என்பது அதன் பொருள். பின்வந்தோர் அதனை எம்.ஈ. என்று சுருக்கி வழங்கினர். நாமும் அவ்வாறே வழங்குவோம்.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1970ஆம் ஆண்டு சனவரி மாதத்தின் முதற் கிழமையிலே, பிரித்தானிய வைத்தியச் சஞ்சிகையிலே மக்ஈவடி, பியர்ட் என்னும் உளமருத்துவர் இருவர் எழுதிய கட்டுரைகள் வெளிவந்தன. றோயல் பிறீயிலே பரவியது கிருமியன்று. அது கூட்ட ஹிஸ்டீரியா என்பது அவர்களுடைய துணிபு. இவர்களுள் மக்ஈவடி, பாடசாலை மாணவிகளிடையே கூட்டமாகத் தோன்றிய மயக்கம் ஒன்றைப்பற்றி முன்னர் ஆராய்ந்தவர். வரலாற்றுப் படத்தொகுதிகளை எழுதி வேறொரு துறையிலும் புகழ் பெற்றவர். அவர்கள் அறிவிலார் அல்லர். அவர்களுடைய வாதங்களும் வெறும் வசைமொழிகள் அல்ல. நோயுற்றோருட் பெண்களே மிகுதி என்றனர். காய்ச்சல் சிறிதாயிருக்கத் துன்பம் பெரிதாயிருந்தது என்றனர். உணர்ச்சியற்றுப்போன பகுதிகள் நரம்புகள் செல்லும் வழிக்கு இணங்காமல், கையுறையும் காலுறையும் அணிந்தாற்போன்ற எல்லையோடு காணப்பட்டன என்றனர். இளம்பிள்ளைவாதம் பற்றிய அச்சம் அக்காலத்தில் எங்கும் நிலவியது என்பதையும் எடுத்துக்காட்டினர்.

எனினும் அவர்களுடைய ஆய்வில் இல்லாதது ஒன்று இருந்தது. அவர்கள் ஏட்டிலிருந்த நோய்க்குறிப்புகளைப் படித்தனர். நோயாளரை நேரிற் கண்டு பரிசோதிக்கவில்லை. அந்நோயாளருட் பலர் அப்போது உயிரோடிருந்தனர். அவர்களுட் சிலர் தாமே வைத்தியர்கள். இன்னுஞ் சிலர் அந்நாள்வரையும் நோயினின்று நீங்காதவர்கள். அவர்களைக் கண்டு வினாவுதல் அரிய செயலன்று. பெண்கள் மிகுதி என்ற வாதத்துக்கும் எளிய விடை உண்டு. தாதியருட் பெரும்பாலார் பெண்களே. அவர்களுட் பலர் ஒருங்கே வாழ்ந்து பணிபுரிந்தவர்கள். தொற்றுநோய் எதுவாயினும் அவர்களிடையே பரவுவது இயல்பே. வீங்கிய கணுக்களையும் காய்ச்சலையும் ஹிஸ்டீரியாவினால் விளக்குதல் எளிதன்று. இவற்றையெல்லாம் எடுத்து மறுத்தவர், 1955இல் அந்நோயாளரை நேரிற் கண்டு பார்த்த தொற்றுநோய் வைத்தியர் மெல்வின் றாம்சே. அவர் 1990இல் இறக்கும்வரை அந்நோயாளரின் பக்கத்தை விட்டு விலகவில்லை.

ஆனால் மறுப்பு பரவவில்லை, கட்டுரை பரவியது. வைத்திய மாணவரும் பொது வைத்தியரும் அதனையே நம்பினர். இதன் விளைவு யாதெனின், ஒரு நோயின் காரணத்தைப் பற்றிய ஊகம், அந்நோயாளர்மீது கொள்ளப்படும் மதிப்பாக மாறிற்று. எழுந்து நடக்கமுடியாத பெண் ஒருத்திக்கு, எழ விரும்பாதவள் என்ற பெயர் கிடைத்தது. நோயுற்ற பிள்ளையின் தாய், பிள்ளையைக் கெடுப்பவள் எனப்பட்டாள். உதவித்தொகை கேட்டவர் வேலைக்கள்ளர் எனப்பட்டார். 1976இல் பிரித்தானியாவிலே நோயாளர் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டதற்கு இதுவே பின்னணி.

1984ஆம், 1985ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலே, தாகோ ஏரிக்கரையிலுள்ள இன்கிளைன் வில்லேஜ் என்னும் ஊரில் இத்தகைய நோய் மீண்டும் கூட்டமாகத் தோன்றிற்று. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் ஆய்வாளர் சென்று பார்த்தனர். 1988இல் அந்நோய்க்கு ‘நாட்பட்ட களைப்பு நோய்த்தொகுதி’ என்ற பெயர் இடப்பட்டது. நோயாளர் இப்பெயரை வெறுத்தனர். களைப்பு யாருக்குத்தான் இல்லை? காசநோயை ‘நாட்பட்ட இருமல்’ என்றழைப்பது போன்றதே இது என்று அவர்கள் கருதினர். பத்திரிகைகளோ, மேல்நோக்கி ஓடிக் களைத்த இளம் பணக்காரரின் காய்ச்சல் என்று எள்ளின.

இதே காலத்திற் பிரித்தானியாவில் ஒரு புதிய கொள்கை உருவாகிற்று. 1989இல் சைமன் வெஸ்லி முதலிய உளமருத்துவரும் உளவியலாளரும் அதனை எடுத்துரைத்தனர். தொடக்கத்தில் ஒரு வைரசு நோய் வந்திருக்கலாம். அது நீங்கிய பின்னரும், முயற்சி செய்தால் நோய் மிகும் என்ற அச்சத்தினால் நோயாளி ஓய்ந்து கிடக்கிறார். கிடப்பதனால் உடல் தளர்கிறது. தளர்ச்சியை நோயெனக் கருதி மேலும் கிடக்கிறார் என்பது அக்கொள்கை. இதன்படி சிகிச்சையும் இருவகைப்பட்டது. அச்சம் தரும் எண்ணங்களைத் திருத்தும் அறிகை நடத்தைச் சிகிச்சை ஒன்று. நாளுக்கு நாள் கூட்டப்படும் உடற்பயிற்சி மற்றையது. பழைய ஹிஸ்டீரியாக் கொள்கையிலும் இது நயமானது. நோயாளியைப் பொய்யர் என்று சொல்லவில்லை. எனினும் நோயை நிலைபெறச் செய்வது அவருடைய நம்பிக்கையே என்று சொல்லியது.

நோயாளர் இதனை ஏன் நம்பவில்லை? மனநோய் என்றால் இழிவு என அவர்கள் எண்ணுவதாலேயே மறுக்கின்றனர் என்று பலர் விளக்கம் கூறினர். அத்தகையோர் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் பெரும்பாலாரின் மறுப்புக்கு மூலகாரணம் வேறு. அது அவர்களுடைய உடம்பு நாள்தோறும் அவர்களுக்குக் கற்பித்த பாடம். இந்நோயின் தனி இயல்பு ஒன்று உண்டு. தாங்கும் அளவுக்கு மேற்பட்ட சிறு முயற்சியும், அது நடந்து சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ, நோய்க்குறிகள் அனைத்தையும் பெருக்கிவிடும். அந்நிலை நாட்கணக்கிலும் கிழமைக்கணக்கிலும் நீடிக்கும். குளித்ததற்காக ஒரு நாளும், கடைக்குச் சென்றதற்காக ஒரு கிழமையும் படுக்கையிற் கழித்தவர்க்கு, “அஞ்சாதீர், நாளை இன்னுஞ் சிறிது கூட்டி நடவும்” என்ற அறிவுரை எப்படி இருந்திருக்கும்? கால் முறிந்தவனை நடக்கச் சொன்னது போலவே இருந்திருக்கும். பயிற்சியின் பின் தமது நிலை கெட்டது என்று நோயாளர் சங்கங்களின் விசாரணைகளிலே பலர் தெரிவித்தனர். அவற்றை ஆராய்ச்சி உலகம் பெரிதாக எண்ணவில்லை.

இந்த வழக்கைத் தீர்ப்பதற்கென்றே பெரிய பரிசோதனை ஒன்று பிரித்தானியாவில் நடத்தப்பட்டது. ‘பேஸ்’ என்பது அதன் சுருக்கப் பெயர். நோயாளர் 641 பேர் நான்கு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். பொதுவான வைத்திய உதவி எல்லோர்க்கும் அளிக்கப்பட்டது. ஒரு பிரிவினர்க்கு அறிகை நடத்தைச் சிகிச்சையும், ஒரு பிரிவினர்க்குப் படிப்படியான பயிற்சியும், இன்னொரு பிரிவினர்க்குத் தம் சக்திக்கு அடங்கி நடக்கும் முறையும் மேலதிகமாகக் கிடைத்தன. ஏறக்குறைய 50 இலட்சம் பவுண் பொதுப்பணம் செலவாயிற்று. 2011இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் முடிவு வெளிவந்தது. முதலிரு சிகிச்சைகளும் நோயாளருள் ஏறக்குறைய 60 வீதத்தினர்க்கு நலம் பயந்தன என்று அறிவிக்கப்பட்டது. அவ்விரு பிரிவுகளிலும் 22 வீதத்தினர் குணமடைந்தனர் என்று 2013இல் மேலும் ஒரு கட்டுரை கூறியது. உலகப் பத்திரிகைகள் இதனை முழங்கின. வழக்கு முடிந்ததென்றே பலரும் கருதினர்.

முடிந்ததென்று ஒப்புக்கொள்ளாதவர் நோயாளரே. படுக்கையிற் கிடந்தவாறே அவர்கள் அக்கட்டுரைகளை வரிவரியாகப் படித்தனர். புள்ளிவிபரம் கற்றவரும், விஞ்ஞானிகளாக இருந்து நோயால் வேலையிழந்தவரும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் கண்டது இது. உடல் இயங்கும் ஆற்றலை அளப்பதற்குச் சுழியம் முதல் 100 வரையிலான அளவுகோல் ஒன்று பயன்படுத்தப்பட்டது. பரிசோதனையிற் சேர்வதற்கு ஒருவர் 65 அல்லது அதற்குக் குறைந்த புள்ளி பெறவேண்டும். அவ்வளவு நோயுற்றவராக இருத்தல் வேண்டும் என்பது கருத்து. குணமடைந்தார் என்று கொள்வதற்கு 85 புள்ளி பெறவேண்டும் என்று தொடக்கத்தில் விதிக்கப்பட்டிருந்தது. வெளியான கட்டுரையிலோ அவ்வெல்லை 60 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. ஆகவே 65 புள்ளியோடு நோயாளியாக உள்ளே வந்த ஒருவர், நோய் மிகுந்து 60 புள்ளிக்கு இறங்கினாலும், இவ்வளவுகோலின்படி குணமடைந்தோரின் எல்லைக்குள் அடங்குவர். தேர்வில் ஐம்பது புள்ளி எடுத்துத் தவறியவன், மறுமுறை நாற்பது எடுத்துச் சித்தியெய்தினான் என்பது போன்றது இது.

வேறு குறைகளும் காணப்பட்டன. எச்சிகிச்சை பெறுகிறோம் என்பது நோயாளர்க்குத் தெரியும். முக்கிய அளவீடுகளோ அவர்கள் தம் நிலைபற்றித் தாமே நிரப்பும் வினாப்பத்திரங்கள். நோயைப்பற்றி நல்லெண்ணங் கொள்ளுமாறு ஒருவர்க்கு ஓராண்டு கற்பித்துவிட்டு, இப்பொழுது எப்படி இருக்கிறீர் என்று அவரையே வினவினால், விடை சிறிது நன்றாயிருப்பது இயல்பன்றோ? உடலசைவைப் பொறியால் அளக்கும் ஏற்பாடு முன்னர் இருந்து பின்னர் முடிவு அளவையாகக் கைவிடப்பட்டது. ஆறு நிமிட நடைத் தேர்விலே பயிற்சிப் பிரிவினர் சிறிதளவே முன்னேறினர். அறிகை நடத்தைச் சிகிச்சை பெற்றவர் அங்கு, பொதுவான வைத்திய உதவி மட்டும் பெற்றவரிலும் மேம்பாடு காட்டவில்லை.

இனி ஐயத்தைத் தெளிவாக்க ஒரே வழி இருந்தது. மூலத் தரவுகளைத் தாமே பார்க்கவேண்டும். அவுஸ்திரேலியாவிலிருந்த நோயாளி ஒருவர், தகவல் அறியும் சட்டத்தின்கீழ் 2014இல் அவற்றைக் கேட்டார். பரிசோதனைக்குப் பொறுப்பாயிருந்த லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் மறுத்தது. பங்குபற்றியோரின் அந்தரங்கம் வெளிப்படும் என்று வாதிட்டது. 2015இல் தகவல் ஆணையாளர் கொடுக்குமாறு பணித்தார். பல்கலைக்கழகம் மேன்முறையீடு செய்து, இரண்டு இலட்சம் பவுணுக்கு மேற் செலவிட்டது. 2016 ஆகத்து மாதத்தில் நியாயசபை நோயாளியின் பக்கமே தீர்ப்பளித்தது. பெயர் நீக்கிய தரவுகள் வெளியாயின. முதலில் விதிக்கப்பட்ட அளவுகோலின்படி கணக்கிட்டபோது, குணமடைந்தோர் அறிகை நடத்தைச் சிகிச்சைப் பிரிவில் 7 வீதம். பயிற்சிப் பிரிவில் 4 வீதம். பொதுவான வைத்திய உதவி மட்டும் பெற்றோருள் 3 வீதம். இவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததெனக் கொள்ளத்தக்க அளவினதே. ஆராய்ச்சியாளர் தமது மாற்றங்கள் முறைப்படி செய்யப்பட்டவை என்றும், சிகிச்சைகள் ஓரளவு பயனுடையன, தீங்கற்றன என்றும் பின்னரும் வாதிட்டனர். அவ்வாதத்தையும் நேயர்கள் அறிந்திருத்தல் முறை. ஆனால் 22 என்ற எண் பழைய மதிப்பை மீண்டும் பெறவில்லை.

இதற்கிடையில் 2015இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் 9,000க்கு மேற்பட்ட ஆய்வுரைகளைப் பரிசீலித்து அறிக்கை வெளியிட்டது. எம்.ஈ. என்பது உடல் முழுவதையும் தாக்கும் கொடிய நாட்பட்ட நோய் என்றும், முயற்சியின் பின் நோய் மிகுதலே அதன் தலைமைக் குறி என்றும், நோயாளருள் நான்கிலொரு பங்கினராவது ஏதோ ஒரு காலத்தில் வீட்டிலோ படுக்கையிலோ முடங்குகின்றனர் என்றும் அது கூறிற்று. நோயாளர் அறுபது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததே அத்தலைமைக் குறி. பிரித்தானியாவில் வைத்திய வழிகாட்டல்களை வகுக்கும் ‘நைஸ்’ நிறுவனம், 2007இல் தான் பரிந்துரைத்த படிப்படியான பயிற்சியை 2021 ஒக்தோபர் 29ஆம் நாள் கைவிட்டது. சில வைத்தியக் கழகங்களின் எதிர்ப்பினால் அவ்வெளியீடு இரு மாதங்களுக்கு மேல் தாமதித்தே வந்தது. அறிகை நடத்தைச் சிகிச்சையை விரும்புவோர்க்கு ஆறுதல் துணையாக அளிக்கலாம். நோய்தீர்க்கும் சிகிச்சையாகக் கூறுதல் ஆகாது என்று அவ்வழிகாட்டல் விதித்தது.

இவ்வளவும் சொன்னபின், நோயாளி எப்பொழுதும் சரி, உளமருத்துவர் எப்பொழுதும் பிழை என்று முடிப்பது வரலாற்றுக்கு நியாயமாகாது. 2009இல் எலியினத்து வைரசு ஒன்றுக்கு உறவான ஒரு வைரசே இந்நோய்க்குக் காரணம் என்று ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. நோயாளர் பெருமகிழ்ச்சி கொண்டனர். சிலர் அவ்வைரசுக்குரிய கடுமையான மருந்துகளையும் உட்கொண்டனர். அம்முடிவு ஆய்வுகூடத்தில் நேர்ந்த கலப்பினால் விளைந்ததென்று பின்னர் தெரிந்தது. 2011 திசம்பரில் கட்டுரை மீளப்பெறப்பட்டது. நமக்கு இனிய விடையாயினும் ஆதாரமில்லாவிடின் அதுவும் ஐயத்துக்குரியதே என்பது இதனாற் பெறப்படும் பாடம். மேலும், மனத்துன்பமும் மனநோயும் பொய்யல்ல. அவற்றால் வருந்துவோர் எள்ளத்தக்கவர் அல்லர். நீண்ட நோயிற் கிடப்பவர்க்கு மனத்துக்கு ஆறுதல் தரும் துணை வேண்டியதே. ஆறுதலைச் சிகிச்சை என்று பெயரிட்டு, அதற்கப்பால் தேடவேண்டுவதில்லை என்று சொல்வதே தவறு.

எம்.ஈ. நோயின் காரணம் இன்றும் தெளிவாகவில்லை. பிரித்தானியாவில் நோயாளரும் ஆராய்ச்சியாளரும் கூடி நடத்திய பெரிய மரபணு ஆய்வு ஒன்று, 15,000க்கு மேற்பட்ட நோயாளரை ஏனையோருடன் ஒப்பிட்டு, மரபுக்கூற்றிலே எட்டு இடங்களில் வேறுபாடு காணப்படுவதாக 2025 ஆகத்தில் முதனிலை அறிக்கையாக வெளியிட்டது. அது விடையன்று, விடைக்குச் செல்லும் வழியின் முதற்கல் ஆகலாம். அவ்வழியைத் திறந்தவர்களுள் நோயாளரும் உளர் என்பது நினைக்கத்தக்கது. 2020இன் கொள்ளைநோய்க்குப் பின் தொற்று நீங்கியும் நலமடையாத பலர் உலகெங்கும் தோன்றியபோது, பதற்றமே காரணம் என்ற பழைய விடை மீண்டும் சில இடங்களில் ஒலித்தது. ஆனால் இம்முறை அவ்விடை எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. முன்னவர் பட்ட பாடு பின்னவர்க்குக் கேடயமாயிற்று.

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்துத் திருவள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அதனை அருகிருந்து கொடுப்பவன் என்பன அவை. நோயுற்றவனை அவர் முதலில் வைத்தார். மருத்துவம் செய்யப்படும் பொருளாக அவனை வைக்கவில்லை, மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே வைத்தார். றோயல் பிறீ நோயாளரை 1970இல் வினாவாது விட்டபோது அவ்வுறுப்பே நீங்கிற்று. அது மீண்டும் இடம்பெற ஏறக்குறைய அரைநூற்றாண்டு சென்றது. அவ்வரைநூற்றாண்டிலே வாழ்நாளைப் படுக்கையிற் கழித்தவர்க்கு எந்த அறிக்கையும் அக்காலத்தைத் திருப்பிக் கொடுக்கமாட்டாது. தம் முன் வந்தமரும் நோயாளி, சொல்லப்பட்ட விளக்கத்தை ஏற்காமல் தலையசைப்பாராயின், அத்தலையசைப்பை நோயின் குறியென எழுதுமுன் அதன் காரணத்தை ஒருமுறை கேட்டறிதல் வைத்தியருக்கு அரிய செயலாகாது. விடை தெரியாதபோது “தெரியவில்லை” என்று சொல்லுவதும் அவருக்கு இழுக்காகாது. தேடல் அச்சொல்லிலிருந்தே தொடங்குகிறது.